ஆமை முதுகு

2023-இன் பிற்பாதி முழுக்க, வேலை முடிந்து வந்து இரவில் நான் பார்த்ததெல்லாம் பனி. கனடாவிலும் அமெரிக்காவின் மினசோட்டா, மிச்சிகன் பக்கங்களிலும் குளிர்காலத்தில் காட்டுப் பாதைகளில் ஸ்னோமொபைல் ஓட்டுகிறார்கள். ஒரு நாள் முழுக்க வண்டிகள் போனால் பாதை மேடும் பள்ளமுமாகிவிடும். அதைச் சமப்படுத்த அங்குள்ளவர்கள் வீட்டுக் கொட்டகையில் பழைய இரும்பை வெட்டி, வெல்டிங் அடித்து, நீளமான ஒரு சட்டம் செய்து வண்டிக்குப் பின்னால் கட்டி இழுக்கிறார்கள். அப்படிப்பட்ட காணொளிகளில் முப்பது நாற்பதாவது பார்த்திருப்பேன். ஸ்கூடாயில் என்னோடு வீட்டைப் பகிரும் நண்பன் ஒருநாள் எட்டிப் பார்த்துவிட்டு, "டேய், கனடாவுக்கு ஓடப்போறியா? சொல்லிட்டுப் போ லா, வாடகை பாக்கி இருக்கு" என்றான்.

பனியை நான் ஐஸ்பெட்டியின் மேல்தட்டில் மட்டும்தான் பார்த்திருக்கிறேன். எனக்கு வேண்டியிருந்தது அந்தச் சட்டத்தின் கணக்கு.

என் பெற்றோர் இருக்கும் தோட்டம் சிம்பாங் ரெங்கத்துக்கும் லாயாங் லாயாங்குக்கும் நடுவில். ஒருகாலத்தில் பால்மரம், இப்போது செம்பனை. தார்ச் சாலையிலிருந்து வீடுகள் வரை 2.3 கிலோமீட்டர் செம்மண் சாலை. தமிழ்க் குடும்பங்கள் பதினான்குதான் மிச்சம். மற்ற வீடுகளில் வங்கதேசத்து, இந்தோனேசியத் தொழிலாளர்கள். அப்பா முப்பத்தோரு ஆண்டுகள் அங்கே டிராக்டர் ஓட்டி ஓய்வு பெற்றவர். பாட்டி அவரோடு இருக்கிறார். பாட்டிக்குச் சிறுநீரகம் போய்விட்டது. வாரத்துக்கு மூன்று நாள், ஒவ்வொரு நாளும் நான்கு மணி நேரம் பட்டணத்தில் டயாலிசிஸ்.

சாலை எப்போதுமே மோசம்தான். 2023 மார்ச் வெள்ளத்துக்குப் பிறகு அது வேறு மாதிரி மோசமானது. அந்த வெள்ளத்தில் பத்து பஹாட், சிகாமட் பட்ட பாட்டைத்தான் செய்தியில் காட்டினார்கள். எங்கள் பக்கம் மேலே இருந்த மண்ணை அடித்துக்கொண்டு போனதோடு சரி. ஆனால் அதற்கப்புறம் சாலை முழுக்கக் குறுக்கே வரிவரியாக அலை எழுந்துவிட்டது. தோட்டத்தில் இதைத் 'தகரம்' என்பார்கள். கூரைத் தகரத்தைப் படுக்கப் போட்டு அதன்மேல் வண்டி ஓட்டுவது போலிருக்கும். ஒரு மேட்டுக்கும் அடுத்த மேட்டுக்கும் இரண்டு, இரண்டேகால் அடி. ஆழம் இரண்டு அங்குலம்.

பழக்குலை ஏற்றும் லோரிக்காரர்கள் இதை வேகத்தால் சமாளிக்கிறார்கள். அறுபது எழுபதில் போனால் சக்கரம் மேட்டுக்கு மேடு தாவிவிடும், குலுக்கல் குறையும். டயாலிசிஸ் முடிந்து, ஊசி எடுத்த இடத்தில் பஞ்சை அழுத்திப் பிடித்துக்கொண்டு, இரத்த அழுத்தம் இறங்கிப் படுத்திருக்கும் எழுபத்தாறு வயது மனுஷியை வைத்துக்கொண்டு வேன் மாமா அறுபதில் போக முடியாது. எட்டில் போவார். 2.3 கிலோமீட்டருக்குப் பதினேழு நிமிடம். இரண்டு முறை பாதி வழியில் பஞ்சை மீறி இரத்தம் வந்திருக்கிறது. அதற்குப் பிறகு பாட்டி, "மூணு நாளு வேணாம், ரெண்டு நாளு போதும்னு கேட்டுச் சொல்லு" என்று அம்மாவிடம் சொல்ல ஆரம்பித்தார். இதை அம்மா எனக்குப் போனில் சொன்ன அன்றைக்குத்தான் அந்தக் காணொளிகளில் முதலாவதைப் பார்த்தேன்.

இந்த அலை ஏன் வருகிறது என்பதற்கு ஆளாளுக்கு ஒரு பதில் வைத்திருந்தார்கள். லோரியின் ஸ்பிரிங், ஓவர் லோடு, பிரேக், டயரில் காற்று. 2007-இல் நிக்கோலா டாபர்லே, ஸ்டீபன் மோரிஸ், ஜிம் மெக்எல்வேன் என்ற மூன்று பேர் ஃபிசிக்கல் ரிவ்யூ லெட்டர்ஸ் இதழில் இதைப் பற்றி எழுதினார்கள். சுழலும் வட்டப் பாதையில் மணலைப் பரப்பி, அதன்மேல் ஒரு சிறிய சக்கரத்தை உருளவிட்டார்கள். மெதுவாகச் சுற்றும்வரை மணல் சமமாகவே கிடந்தது. ஒரு குறிப்பிட்ட வேகத்தைத் தாண்டியதும் அலை எழுந்தது. அதற்கு ஸ்பிரிங் வேண்டியதில்லை. டயரில் காற்றுக்கூட வேண்டியதில்லை. சக்கரம் ஒரு சின்ன மேட்டில் ஏறித் துள்ளுகிறது, விழுந்த இடத்தில் குழி பறித்து முன்னால் மண்ணைத் தள்ளுகிறது, தள்ளிய மண் அடுத்த மேடு. அவ்வளவுதான். நிஜ வண்டிகளுக்கு அந்த எல்லை வேகம் மணிக்கு எட்டு கிலோமீட்டர் சுற்றளவில் வரும்.

எங்கள் சாலையில் எட்டு கிலோமீட்டரில் போவது பாட்டியின் வேன் ஒன்றுதான். மற்ற எல்லோரும் போட்ட அலையை அலை போடாத ஒரே வண்டி ஏறி இறங்கிக்கொண்டிருந்தது.

அந்த ஆராய்ச்சியின் தொடர்ச்சியில் எனக்கு உபயோகப்பட்ட வேறொரு விஷயமும் உண்டு. சக்கரத்தை எடுத்துவிட்டுச் சாய்ந்த தகடு ஒன்றை மணலில் இழுத்தாலும் அலை வருகிறது. தனித் தகடு தானே எகிறும். தோட்டத்துக்கு வருடத்தில் ஒருமுறையோ இரண்டு முறையோ வரும் கிரேடர், பார்க்க ராட்சசன் போலிருந்தாலும், அவசரத்தில் மேட்டின் தலையைச் சீவிப் பள்ளத்தில் தூவிவிட்டுப் போய்விடும். தூவிய மண் இறுகாத மண். பத்து நாளில் பழைய பள்ளம் பழைய இடத்திலேயே திரும்ப வரும், அடியில் அதன் அச்சு அப்படியே இருப்பதால்.

பனிக்காரர்கள் இதை எப்போதோ கண்டுபிடித்துவிட்டார்கள். அவர்களுடைய சட்டம் நீளமாக இருக்கும். ஒரே சமயத்தில் பல மேடுகளின் மேல் படுத்துக்கொண்டு வரும். அதனால் ஒரு பள்ளத்தைப் பார்த்ததும் குனிந்து இறங்காது. உள்ளே ஒன்றுக்குப் பின் ஒன்றாகச் சாய்வான தகடுகள், ஒன்று இடப்பக்கம் தள்ள, அடுத்தது வலப்பக்கம் தள்ள. கடைசியில் ஒரு தட்டையான தகடு எல்லாவற்றையும் அமுக்கிவிட்டுப் போகும். பெரும்பாலும் இரவில்தான் இழுப்பார்கள். புரட்டி அமுக்கிய பனி சில மணி நேரம் யாரும் மிதிக்காமல் கிடந்தால் துகளோடு துகள் ஒட்டிக் கெட்டியாகிவிடும். பனியில் உறைவது எங்கள் செம்மண்ணில் உலர்வது. மற்றபடி ஒரே வேலை.

இதில் புதிதாக ஒன்றுமில்லை என்பதும் பிறகு தெரிந்தது. அமெரிக்காவில் மிசௌரி மாநிலத்தின் மேட்லண்ட் என்ற ஊரில் டி. வார்ட் கிங் என்ற விவசாயி, 1890களில் மழை பெய்து முடிந்த தன் வீட்டு வாசல் சாலையில் மரச்சட்டம் ஒன்றைக் குதிரை கட்டி இழுத்துப் பார்த்தார். பிளந்த மரத்துண்டுகள் இரண்டை இணையாக நிறுத்தி, நடுவில் குறுக்குக் கட்டை அடித்து, சங்கிலியால் சாய்வாக இழுப்பது அவருடைய கருவி. சேற்றுப் பதத்தில் களிமண்ணை இழைத்துவிட்டால் அது காயும்போது ஓடு மாதிரி இறுகும் என்பது அவர் வாதம். 1908-இல் அமெரிக்க விவசாயத் துறை அவரையே எழுதவைத்து, விவசாயிகளுக்கான 321-ஆம் சிறுநூலாக வெளியிட்டது. அதிலுள்ள படத்தை அப்பாவிடம் காட்டினேன். கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு கொஞ்ச நேரம் பார்த்தார்.

"இது பரம்புதானடா."

அப்பா இந்தியாவைப் பார்த்ததில்லை. அவருடைய தாத்தா சேலம் பக்கமிருந்து வந்தவர். வயலே இல்லாத ஒரு தோட்டத்தில், நாற்று நடும் முன் மாடு கட்டி வயலைச் சமன்படுத்தும் பலகையின் பெயர் மூன்று தலைமுறை தாண்டி வந்திருக்கிறது. பரம்படிக்கிறவர் பலகையின் மேலேயே ஏறி நிற்பார், அவர் எடைதான் அழுத்தம். கிங்கின் படத்திலும் ஓட்டுகிறவர் சட்டத்தின் மேலேதான் நிற்கிறார்.

அப்பாவுக்கு நான் சொல்லித்தர வேண்டிய அவசியம் இல்லாமல் போன விஷயங்களில் இன்னொன்று ஆமை முதுகு. சாலைக்கு நடு உயரமாகவும் ஓரங்கள் சரிவாகவும் இருக்க வேண்டும். ஐந்து மீட்டர் அகலச் செம்மண் சாலைக்கு ஓரத்தைவிட நடு பத்திலிருந்து பதினைந்து சென்டிமீட்டர் தூக்கலாக இருந்தால் தண்ணீர் நிற்காது, வாய்க்காலுக்கு ஓடிவிடும். பாரிட் ராஜாவில் நான்கு வருடம் இயந்திரப் பொறியியல் படித்தபோது இதைச் 'சதவீதச் சரிவு' என்று படித்திருந்தேன். அப்பா உள்ளங்கையைக் கவிழ்த்துக் காட்டி, "ஆம முதுகு மாதிரி இருக்கணும். நம்ம ரோடு சட்டி மாதிரி இருக்கு. சட்டியில தண்ணி நிக்கத்தான் செய்யும்" என்றார். சாய்ந்த தகடு ஓரத்து மண்ணை வாரி நடுவுக்குக் கொண்டுவர வேண்டும் என்பது அந்த ஒரு வாக்கியத்திலேயே முடிவாகிவிட்டது.

வரைபடத்தில் ஹைட்ராலிக் சிலிண்டர் போட்டிருந்தேன். உட்கார்ந்த இடத்திலிருந்தே தகட்டை ஏற்றி இறக்கலாம். அதற்கு மட்டும் எங்களுக்குள் இரண்டு வாரம் பேச்சு. "மேல கீழ தூக்குற சமாச்சாரம் வெச்சா ஓட்டுறவன் கை சும்மா இருக்காது. பள்ளத்தப் பாத்தா இறக்குவான், மேட்டப் பாத்தா ஏத்துவான். அப்புறம் ரோடு அவன் மனசு மாதிரி இருக்கும்" என்பது அவர் கட்சி. பணத்தையும் எண்ணெய்க் கசிவையும் கணக்குப் பார்த்ததில் நானும் அந்தப் பக்கம் சாய்ந்தேன். ஒவ்வொரு தகட்டுக்கும் மூன்று உயரத்தில் போல்ட் துளை. ஒரு நாளைக்கு ஒரு உயரம். இறங்கி ஸ்பேனர் போட்டால்தான் மாற்ற முடியும்.

இரும்பு குளுவாங்கில் ஒரு பழைய இரும்புக் கடையில் கிடைத்தது. ஆறு அங்குல சி-சேனல் பன்னிரண்டு அடியில் இரண்டு, பக்கச் சட்டங்களுக்கு. பன்னிரண்டு அடி என்றால் எங்கள் அலையில் ஐந்தாறு மேட்டின் மேல் ஒரே நேரத்தில் படுக்கும். அகலம் ஆறடி. அதிர்ஷ்டம் என்று ஒன்று இருந்தால் அது கிரேடரின் தேய்ந்த வெட்டுத்தகடுகள் அதே குவியலில் கிடந்ததுதான். ஒரு பக்கம்தான் தேய்ந்திருந்தது. தவுக்கே எடைக்கு எடை போட்டார். "இத வெச்சு என்ன பண்ணப்போறே?" என்று மலாயில் கேட்டார். ரோடு சீவப்போகிறேன் என்றேன். "ரோடு அரசாங்கத்தோடது இல்லையா?" என்றார். தோட்டத்தோடது என்றேன். அதற்குமேல் அவர் ஒன்றும் கேட்கவில்லை. தகடுகளுக்கு மட்டும் இருபது வெள்ளி குறைத்துக்கொண்டார்.

முன்தகடு முப்பது பாகை சாய்வு, இரண்டாவது எதிர்ச் சாய்வு, மூன்றாவது நேராக. கடைசியில் அமுக்குவதற்கு ஒரு துண்டுத் தண்டவாளம். வெல்டிங் முழுக்க அப்பாவின் நண்பர் வீட்டுக் கொட்டகையில், நான்கு ஞாயிற்றுக்கிழமைகள். மொத்த எடை நானூறு கிலோவுக்குச் சற்றுக் குறைவு. செலவு 1,340 வெள்ளி, சங்கிலியும் வெல்டிங் குச்சியும் சேர்த்து. இழுக்க என்ன வேண்டும் என்று கணக்குப் போட்டால், மண்ணோடு உராய்வு சுமார் மூன்று கிலோநியூட்டன், வேகம் மணிக்கு நான்கு கிலோமீட்டருக்குச் சற்று மேல், ஐந்து குதிரைத்திறன். வெட்டுவதற்கு இன்னொரு ஐந்து வைத்துக்கொள்ளலாம். குத்தகைக்கார மாமா ஒருவரிடம் பழைய மாஸி ஃபெர்குசன் 135 இருந்தது. அதற்கு இது தூசி.

2024 மார்ச்சில் ஒரு சனிக்கிழமை மாலை நல்ல மழை. ஞாயிறு காலை பத்து மணிக்கு அப்பா சாலைக்குப் போய் ஒரு பிடி மண்ணை எடுத்து உருட்டினார். உருண்டை நிற்க வேண்டும், ஆனால் கையில் ஒட்டக்கூடாது. ஒட்டியது. பதினொன்றரைக்கு மறுபடி உருட்டினார். பிறகுதான் டிராக்டரைக் கிளப்பினார்.

முதல் சுற்றில் பின்பக்கம் கொஞ்சம் லேசாக இருந்தது, தண்டவாளம் சரியாக அமுக்கவில்லை. வேடிக்கை பார்க்க வந்திருந்த வங்கதேசத்துத் தம்பி ஒருவர், யாரும் சொல்லாமலே ஓடிவந்து பின்சட்டத்தில் ஏறிக் காலை அகட்டி நின்றுகொண்டார். பதறிப்போய் இறங்கச் சொன்னேன். அவர் சிரித்தார். அவர் ஊரில் உழுத நிலத்தைச் சமப்படுத்த மூங்கில் ஏணி ஒன்றை மாட்டுக்குப் பின்னால் கட்டி, அதன்மேல் ஏறி நின்றுதான் ஓட்டுவார்களாம். சின்னப் பையனாக இருந்தபோது அதில் நிற்பதற்குத் தம்பிகளோடு சண்டை போடுவாராம். பெயர் 'மொய்'. அப்பா டிராக்டரை நிறுத்திவிட்டு இறங்கிவந்து, "எங்க ஆளுங்க அதப் பரம்புன்னு சொல்லுவாங்க" என்று மலாயில் சொன்னார். இருவருமே விவசாயம் செய்து பிழைக்க முடியாத மண்ணிலிருந்து கிளம்பியவர்களின் வழி. அப்பாவுக்கு அது மூன்று தலைமுறை முந்திய கதை, அவருக்கு இரண்டு வருடம். பாதுகாப்பு என்று சொல்லி அவரை இறக்கிவிட்டு மூன்று மணல் மூட்டைகளை ஏற்றினேன். அவருக்கு அதில் கொஞ்சம் வருத்தம்தான்.

பக்கத்துக்கு இரண்டு முறை, போக வர நான்கு தடவை. இரண்டரை மணி நேரத்தில் 9.2 கிலோமீட்டர் இழுத்தோம். முடிந்தபோது சாலை அழகாகவெல்லாம் இல்லை. புழுதி நிறத்தில் மழமழவென்று, ஈரமான பானையின் மேல்பக்கம் மாதிரி இருந்தது. அப்பா இரண்டு பக்கமும் பழைய டயரைப் போட்டு லோரிகளை அன்று மாலைவரை மறித்துவிட்டார். ஞாயிறு என்பதால் வந்தவை இரண்டுதான். ஒருவர் திட்டினார், ஒருவர் இறங்கி டீ குடித்தார்.

செவ்வாய்க்கிழமை மாலை வேன் மாமா போன் செய்தார். "தம்பி, ஆயா தூங்கிட்டே வந்துச்சுப்பா. வீட்டு வாசல்ல நிறுத்தித்தான் எழுப்புனேன்." அன்று அவர் முப்பதில் வந்திருக்கிறார். ஐந்து நிமிடத்துக்கும் குறைவு.

பத்தொன்பதாம் நாள் அலை திரும்ப ஆரம்பித்தது. அதற்கும் காரணம் அந்த மூவர் கண்ட அதே எல்லை வேகம்தான். சாலை நன்றாக இருந்தால் எல்லோரும் வேகமாகப் போவார்கள், வேகமாகப் போனால் அலை வரும். மூன்று வாரத்துக்கு ஒருமுறை, மழை விட்ட மறுநாள், வண்டி ஓடும்வரை இழுத்துக்கொண்டே இருக்க வேண்டியதுதான். அப்பா இப்போது ஒரு நோட்டில் தேதி, மழை, எத்தனை சுற்று, எத்தனை லிட்டர் என்று எழுதுகிறார். ஒரு தடவைக்கு எட்டு லிட்டர் டீசல். 2024 ஜூன் 10 அன்று டீசல் 2.15 வெள்ளியிலிருந்து 3.35 ஆனது. நோட்டில் அந்தத் தேதிக்குக் கீழே இரண்டு கோடு இழுத்திருக்கிறார். பதினான்கு குடும்பமும் மாதம் ஆளுக்கு ஐந்து வெள்ளி போடுகிறது. வங்கதேசத்துத் தொழிலாளர்கள் கேட்காமலே சேர்ந்து முப்பது வெள்ளி கொண்டுவந்து கொடுத்தார்கள். அவர்களும் மோட்டாரில் அதே சாலையில்தான் கடைக்குப் போகிறார்கள்.

உரிமைப் பிரச்சினைகளில் வேலை செய்யும் ஒரு தோழிக்கு நான் செய்தது பிடிக்கவில்லை. "நீங்களே ரோடு போட்டுக்கிட்டா அவங்களுக்கு என்ன கவல? நம்ம ஆளுங்க நூறு வருஷமா இப்படித்தான், ஒடைஞ்சத நாமளே ஒட்டிக்கிட்டு உக்காந்திருக்கோம்" என்றாள். அவள் சொல்வதில் பாதி உண்மை, அதுவும் கனமான பாதி. மாநிலச் சாலைகளுக்கு மத்திய அரசு தரும் பராமரிப்புப் பணம் மாரிஸ் என்ற பதிவேட்டில் இருக்கும் சாலைகளின் நீளத்தை வைத்துத்தான் வருகிறது. தனியார் நிலத்தில் ஓடும் எங்கள் சாலை எந்தப் பதிவேட்டிலும் இல்லை. ஏற்றிக்கொள்ளுங்கள் என்று மனு கொடுக்கப் போன இடத்தில், மேசைக்கு அந்தப் பக்கம் இருந்தவர் நான் காட்டிய படத்தைப் பெரிதாக்கிப் பார்த்துவிட்டு, "இப்ப நல்லாத்தானே இருக்கு?" என்று கேட்டார். அவளிடம் இதைச் சொல்லவில்லை. சொன்னால் சிரிப்பாள்.

ஆனாலும் மனு ஜெயிக்கிறவரைக்கும் பாட்டி வாரத்துக்கு மூன்று நாள் அந்த வழியாகத்தான் போய்வர வேண்டும், ஒரு வாரத்தைத் தள்ளிப்போட முடியாது. இரண்டையும் செய்வது என்று முடிவெடுத்திருக்கிறோம். அடுத்த மனுவோடு அப்பாவின் நோட்டின் நகல் போகிறது. எத்தனை முறை இழுத்தோம், எத்தனை லிட்டர், யார் யார் பணம், எந்த நாளில் ஊசி எடுத்த இடத்தில் இரத்தம் வந்தது என்ற அம்மாவின் கணக்கும் சேர்த்து. படம் மட்டும் இந்த முறை இழுப்பதற்கு முந்தின நாள் எடுத்தது.

அப்பாவுக்கு அறுபத்தாறு. டிராக்டரின் கிளட்சை மிதிக்க இடது முழங்கால் இப்போது இடக்கு செய்கிறது. மொய்யில் நின்ற தம்பி ஓட்டிப் பழகியிருக்கிறார். அப்பாவைவிடக் கொஞ்சம் வேகமாகப் போகிறார் என்று அப்பாவுக்குப் புகார். அவருடைய பெர்மிட் புதுப்பிக்கப்படுமா என்பது தோட்டத்தின் கையில். குடும்பங்களில் எஞ்சியிருக்கும் பையன்களில் இருவர் சிங்கப்பூரில், ஒருவன் ஐந்தாம் படிவம்.

சென்ற வாரம் இரண்டாம் தகட்டை அளந்து பார்த்தேன். வலது முனை ஒன்றரை அங்குலம் தேய்ந்திருக்கிறது, அந்தப் பக்கம்தான் கல் அதிகம். வரும் ஞாயிறு மழை இல்லையென்றால் இழுக்க முடியாது, அதனால் கழற்றித் திருப்பிப் போட நேரம் இருக்கும். போல்ட் துருப்பிடித்து இறுகியிருக்கிறது, கிரைண்டரைக் கொண்டுவரச் சொல்லியிருக்கிறார் அப்பா.